காவலைத் தாண்டியவர்

சீடருக்கு வயது நாற்பத்தாறு. குருவுக்கு முப்பத்து நான்கு. இது யாருக்காவது உறுத்தினால் அவர்கள் சீடர் கோமதிநாயகத்திடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம். அவருக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை.

இருபது வருஷம் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு, ஹவில்தாராக ஊர் திரும்பியவர் அவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. மகள் படித்த கம்ப்யூட்டர் புத்தகத்தை எடுத்துத் தானும் படித்தார். பாளையங்கோட்டையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில், ஒன்பது பேர் வேலை பார்க்கும் மென்பொருள் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

ரத்த வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி அது. ரத்தப் பையின் மேல் ஒரு லேபிள் ஒட்டியிருப்பார்களே, எந்த வகை ரத்தம், எந்தத் தேதிக்குள் ஏற்ற வேண்டும் என்றெல்லாம் போட்டு, அது இவர்கள் எழுதும் கோடிங்கிலிருந்துதான் அச்சாகி வரும்.

அங்கே கோமதிநாயகத்துக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பியூலா. ஒரே சந்தேகத்தை ஏழு தடவை கேட்டாலும், எட்டாவது தடவையும் முதல் தடவை போலவே சொல்வார். அதனால் கோமதிநாயகம் அவரை டீச்சர் என்றார். பியூலா இவரை அண்ணாச்சி என்றார். ஆபீஸில் எல்லாருக்குமே இவர் அண்ணாச்சிதான்.

ஒரு நாள் சீடர் கேட்டார்.

“டீச்சர், எல்லாரும் எழுதுறது கடைசில ஒரே எடத்துல போய்ச் சேருது. ஒருத்தர் தப்பா எழுதிப் போட்டா யாரு தடுக்கா?”

“காலைல வந்ததும் நான் ஒரு தடவ வாசிக்கேன்.”

“நீங்க லீவு போட்டா?”

பியூலா சிரித்தார். “அப்ப நீங்க ஒரு காவல் எழுதுங்க அண்ணாச்சி.”

காவல் என்று அவர் சொன்னது ஒரு குட்டி நிரலை. ஹூக் என்பார்கள். ஒருவர் தான் எழுதியதைப் பதிவு செய்யப்போகும் நேரத்தில் அது தானாக எழுந்து வரும். முழுக்கப் பார்க்கும். தப்பு இருந்தால் இன்னதென்று சொல்லி நிறுத்திவிடும். அவசரத்துக்கு அதைத் தாண்டிப் போக ஒரு வழியும் உண்டு. கட்டளையின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், காவல் பார்க்காமல் விட்டுவிடும்.

கோமதிநாயகத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சிப்பாயாக இருந்த காலத்தில் எத்தனை வாசலில் நின்றிருக்கிறார். இப்போது அவர் எழுதுகிற ஒன்று நிற்கப்போகிறது. இரண்டு வாரம் ஆசை ஆசையாக எழுதினார். ரத்த வகைக்குப் பக்கத்தில் பிளஸ், மைனஸ் குறி விட்டுப்போனால் நிறுத்து. தேதி தப்பினால் நிறுத்து. இப்படிப் பதினெட்டு. தன் மிஷினில் வேண்டுமென்றே தப்பாக எழுதிப் பார்த்தார். பதினெட்டுத் தடவையும் நிறுத்தியது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் விறைப்பாக எழுந்து நின்றார்.

“காவலை எழுதிப் பொது இடத்துல சேத்துட்டேன். எல்லாரும் புராஜெக்ட்ட ஒரு தடவ புதுசா இறக்கிக்கிடுங்க. இனிமே தப்போட எவரும் உள்ள போக முடியாது.”

எல்லாரும் கைதட்டினார்கள். பியூலா எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார்.

அதன்பின் மூன்று மாதம் ஒரு தப்பும் வெளியே போகவில்லை. கோமதிநாயகம் இதை வீட்டில் சொன்னார், மச்சினனிடம் சொன்னார், பழைய ராணுவ நண்பர்களின் வாட்ஸப் குழுவிலும் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வாழ்த்தினார்கள்.

காவல் போட்ட அடுத்த வாரம்தான் ஜன்னத் வேலைக்குச் சேர்ந்தாள். மேலப்பாளையத்துப் பெண். இருபத்து மூன்று வயது. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அண்ணாச்சியிடம் கொடுத்திருந்தார்கள். அவரும் பாசமாகத்தான் இருந்தார். கேட்டதற்கெல்லாம் எழுந்து போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

சேர்ந்த இரண்டாம் வாரம் அவள் அவர் மேசைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, உங்க காவல் என்கிட்ட ஒண்ணுமே பேச மாட்டேங்குதே.”

“தப்பு இருந்தாத்தானம்மா பேசும். பேசலேன்னா நீ நல்லா எழுதுதன்னு அர்த்தம்.”

அவள் அரைகுறையாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தாள். “அண்ணாச்சி, வேணும்னே ஒரு தப்பு எழுதிப் பாத்தேன். நிறுத்தாம விட்டுட்டு.”

கோமதிநாயகம் உடனே அதே தப்பைத் தன் மிஷினில் எழுதித் தட்டினார். திரையில் சிவப்பு எழுத்து வந்து நின்றது.

“பாத்தியா? இங்க டக்குனு நிறுத்திட்டு. நீ அவசரத்துல எங்கயோ மாத்தித் தட்டியிருப்ப.”

அவள் அந்தச் சிவப்பை உற்றுப் பார்த்தாள். பிறகு சரி என்று போய்விட்டாள். அவர் அன்றைக்கு நல்ல மனநிலையில்தான் இருந்தார். திட்டவெல்லாம் இல்லை.

மூன்றாம் மாதக் கடைசியில், பியூலா லீவில் இருந்த ஒரு திங்கட்கிழமை, ஒரு ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. அங்கே புதிய லேபிளை வெள்ளைத் தாளில் அச்சடித்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்த வகை ஓ என்று மட்டும் எழுதியிருந்தது. பக்கத்தில் பிளஸ்ஸும் இல்லை, மைனஸும் இல்லை.

நல்ல வேளை, எந்தப் பையிலும் ஒட்டவில்லை. கோமதிநாயகமே உட்கார்ந்து அரை மணியில் சரிசெய்துவிட்டார். ஆனால் அதோடு விட முடியவில்லை. பதினெட்டில் முதலாவதாக, நிறுத்தச் சொல்லி அவர் எழுதிவைத்த தப்பு அது. காவல் நிற்கும்போது அது எப்படி உள்ளே போனது?

பதிவைப் புரட்டினார். ஜன்னத் பெயர் இருந்தது.

ஒரே ஒரு வழிதான் உண்டு. தாண்டிப் போகிற அந்தச் சொல்லை அவள் சேர்த்திருக்க வேண்டும்.

அவள் தானாகவே அவர் மேசைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. “அண்ணாச்சி, தப்பு என்னோடதுதான். ஆனா நான் தாண்டிப் போகல. எனக்குக் காவலே வரல.”

“காவல் நிக்கிற எடத்துல, தாண்டாம எப்படிம்மா உள்ள போக முடியும்?”

“தெரியல அண்ணாச்சி” என்றாள். அது அவருக்கு ஒப்புக்கொண்டது போலத் தெரிந்தது.

தப்புச் செய்தவனைத் திட்டிவிட்டு விட்டுவிடுவார் கோமதிநாயகம். பொய் சொன்னவனை விட்டதில்லை. இருபது வருஷம் அப்படித்தான் இருந்தார். அந்த வாரமே ஜன்னத்தை நிரந்தரமாக்குவதற்கான படிவம் அவரிடம் வந்தது. நேர்மை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், ‘செய்ததை மறைத்துப் பொய் சொல்கிறார்’ என்று எழுதினார். வியாழக்கிழமை காலை, கம்பெனியை நடத்துகிற ஆசீர்வாதம் சாரின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

வைத்தாரே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை. பத்து மணி டீயைக் குடிக்கவில்லை. நேரே லீவு முடிந்து வந்திருந்த குருவிடம் போனார்.

“டீச்சர், காவலத் தாண்டிப் போன ஆள என்ன செய்யணும்?”

பியூலா நிமிர்ந்து பார்த்தார். யார், என்ன என்று கேட்டார். கோமதிநாயகம் எல்லாவற்றையும் சொன்னார், ஜன்னத் முதல் தடவை வந்து கேட்டதிலிருந்து படிவத்தில் எழுதியது வரை.

பியூலா எழுந்தார். அலமாரியைத் திறந்து, யாரும் தொடாத பழைய லேப்டாப் ஒன்றை எடுத்துத் துடைத்து அவர் முன்னால் வைத்தார்.

“இதுல நம்ம புராஜெக்ட்ட இறக்குங்க.”

இறக்கினார்.

“இப்ப ஜன்னத் செய்த அதே தப்ப எழுதுங்க.”

எழுதினார்.

“பதிவு பண்ணுங்க.”

“நிறுத்திரும் டீச்சர்.”

“பண்ணுங்களேன்.”

கோமதிநாயகம் தட்டினார். திரை ஒன்றும் சொல்லவில்லை. தப்பு சமர்த்தாகப் பதிவாகிவிட்டது.

இன்னொரு தடவை எழுதித் தட்டினார். அதுவும் பதிவானது. மூன்றாவது தடவை, விசையை ஓங்கித் தட்டினார். லேப்டாப் பாவம், அதற்கு என்ன தெரியும்.

“இது பழைய மிஷின் டீச்சர்.”

“சரி. இசக்கி மிஷின்ல பாப்போம்.”

இசக்கிராஜா பக்கத்து மேசைக்காரர். ஆறு வருஷ அனுபவம். எழுந்து இடம் கொடுத்தார். அங்கேயும் தப்பு சத்தமில்லாமல் பதிவானது.

“ஏய் இசக்கி, இத்தன நாளா உனக்குக் காவல் வந்ததா இல்லையா?”

“ஒரு நாளும் வந்ததில்ல அண்ணாச்சி. நம்ம கோடிங் அவ்வளவு சுத்தம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

எதிர் மேசையில் ஒருவர், “நானும்” என்றார்.

கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மாதமாகக் காவல் ஒரே ஒரு மிஷினில்தான் நின்றிருக்கிறது. அவருடைய மிஷினில். ஊரையே காப்பதாக நினைத்துக்கொண்டு அவர் தன்னை மட்டும் காத்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லாருடைய தப்புகளையும் காலையில் வந்து வாசித்துத் திருத்தியவர் பியூலா. அவர் வாசிக்காத ஒரே நாளில்தான் அந்த ஓ வெளியே போயிருக்கிறது.

பியூலா மெதுவாகச் சொன்னார். “புராஜெக்ட்ட இறக்கும்போது எல்லாம் வரும் அண்ணாச்சி. காவல் எழுதின ஃபைலுகூட வரும். ஆனா அது எழுந்து நிக்கணும்னா, அந்தந்த மிஷின்ல ஒரு மறைவான ஃபோல்டர்ல இருக்கணும். அது கூட வராது.”

“ஏன் டீச்சர் இப்படி ஓட்டையா வச்சிருக்கான்?”

“ஓட்டை இல்ல. நீங்க எழுதின உத்தரவு, மத்தவங்க சம்மதிக்காம அவங்க மிஷின்ல ஓடிரக் கூடாதுன்னு வச்சிருக்காங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “காலைல தப்பத் திருத்தும்போதே, காவல் ஏன் நிறுத்தலன்னு நானும் ஒரு தடவ பாத்திருக்கணும். உங்க சந்தோஷத்தப் பாத்ததோட நின்னுட்டேன்.”

கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் படிவம் ஞாபகம் வந்தது.

ஆசீர்வாதம் சாரின் அறைக்கு ஏறக்குறைய ஓடினார். படிவம் திறந்து கிடந்தது.

“பாத்துட்டேன் அண்ணாச்சி. அந்தப் பொண்ணக் கூப்பிட்டுப் பேசிட்டேன். திங்கக்கிழமையிலருந்து வர வேண்டாம்னு சொல்லியாச்சு.”

“நான் எழுதினது தப்பு சார்.”

“எது தப்பு?”

“எல்லாம். அவ சொன்னது நெசம். பொய்யான சேதி சொன்னது நான்தான். காவல் நிக்குன்னு சொன்னேன். நிக்கல.”

ஆசீர்வாதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். “இத அப்படியே எழுதிக் குடுங்க.”

நின்றுகொண்டே எழுதிக் கொடுத்தார். ‘காவல் என் மிஷினில் மட்டும்தான் இருந்தது. ஜன்னத் சொன்னது உண்மை. விசாரிக்காமல் எழுதியது நான்.’ கையெழுத்துப் போட்டார். ஆசீர்வாதம் அதை வாசித்துவிட்டு, படிவத்தில் அவர் எழுதியிருந்த கட்டத்தைக் குறுக்கே அடித்தார். “நீங்களே போய்ச் சொல்லிருங்க” என்றார்.

ஜன்னத் தன் இடத்தில் இருந்தாள். சார்ஜர் ஒயரைச் சுற்றி முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கோமதிநாயகம் அவள் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“நீ எங்கயும் போக வேண்டாம்மா. சார்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். என்ன மன்னிச்சிரு.”

அவள் ஒயரைக் கீழே வைத்தாள். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டாள்.

“தப்பா எழுதுனான்னு போட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன் அண்ணாச்சி. பொய் சொல்லுதான்னு போட்டுட்டீங்க. இத வீட்ல வாப்பாகிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம உக்காந்திருந்தேன்.”

மகள் வயதுக்காரி. “மன்னிச்சிரும்மா” என்று அவர் இன்னொரு தடவை சொன்னார்.

சாயங்காலம் வரை அவர் தலை நிமிரவில்லை. பொது இடத்தில் இருக்கும் காவலைத் தன் மிஷினோடு இணைத்துக்கொள்ள ஒரே ஒரு வரி போதும். ஒருவர் தன் கையால் அந்த வரியை ஒரு தடவை தட்டிவிட்டால், அதன்பின் காவல் எப்போதும் நிற்கும். பின்னால் புதிதாகச் சேர்ப்பதும் தானாக வந்து சேரும். அந்த வரியை எழுதினார். வெள்ளிக்கிழமை காலை, முதலில் ஜன்னத்திடம் எடுத்துப் போனார்.

“இதத் தட்டினாப் போதும்மா.”

“படிச்சுப் பாத்துட்டுத் தட்டுதேன்.”

“படி. நல்லாப் படி.”

படித்தாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. வந்ததை மறைத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, ஃபோல்டர் எங்க இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதுல உங்க பேரு இருக்கு. இது உங்க மிஷின்ல உள்ள இடம். இந்த வரியும் உங்க மிஷின்ல மட்டும்தான் வேலை செய்யும்.”

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். ஆமாம், இருந்தது. கோமதி என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“நீ திருத்திக் குடும்மா.”

திருத்தினாள். தட்டினாள். வேண்டுமென்றே ஒரு தப்பை எழுதிப் பதிவு செய்தாள். சிவப்பு எழுத்து வந்து நின்றது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு இரண்டு பேருமாக ஒவ்வொரு மேசையாகப் போனார்கள். அண்ணாச்சி இந்தத் தடவை அறிவிக்கவில்லை. இது என்ன செய்யும், ஏன் எழுதினேன், வேண்டுமா என்று கேட்டார். ஒவ்வொருவரும் தன் கையால் தட்டினார்கள். காவல் நிற்கிறதா என்று ஜன்னத் ஒவ்வொரு மிஷினிலும் தப்பு எழுதிப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் இசக்கிராஜாவை ஆறு தடவை நிறுத்தியது. சுத்தம் என்ற பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார். பியூலாவையும் ஒரு தடவை நிறுத்தியது. அவர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

நாலு மணி டீக்கு குருவும் சீடரும் ஜன்னல் பக்கம் நின்றார்கள். கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஜன்னத் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வாங்கி வைத்த டீயைக் குடித்திருந்தாள். ஆனால் இன்னும் முன்போல அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

“அவ சிரிக்க நாளாகும் டீச்சர்.”

“ஆகும்.”

“எனக்கு ஒண்ணு மனசுல கெடந்து அரிக்கு.”

“சொல்லுங்க.”

“ஒரு வரி கோடிங் உள்ள போகணும்னா, அதுக்கு முன்னால ஒண்ணு எழுந்து வந்து நிறுத்தி, இது சரியான்னு கேக்கு. ஒரு பிள்ளையப் பத்தி நாலு வார்த்த எழுதினேன். அது பாட்டுக்கு மேசையில போய் உக்காந்துட்டு. எழுதும்போது என்னை நிறுத்திக் கேக்க ஒண்ணு இல்லாமப் போச்சே.”

பியூலா அவர் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டார். சீடர் மீது இருந்த பிரியம் குரலில் தெரிந்தது.

“இருந்துச்சு அண்ணாச்சி. மூணு தடவ உங்க மேசைக்கே வந்து நின்னுச்சு. நீங்கதான் தாண்டிப் போயிட்டீங்க.”